இயேசு பாதி கடவுள், பாதி மனுஷனா? கடைசி நாள் தெரியாதுன்னு அவரே ஏன் சொன்னார்?

நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குற நண்பர், "உங்க இயேசு கடவுள்னா கடைசி நாள் எப்போன்னு தனக்கே தெரியாதுன்னு ஏன் சொன்னார்? சிலுவையில செத்தது கடவுளா மனுஷனா? கடவுள்தான்னா அந்த மூணு நாள் உலகத்த யார் பாத்துக்கிட்டா?"ன்னு கேட்டிருக்கார். நீங்க "அவர் பாதி கடவுள், பாதி மனுஷன்"னு சொல்லி அந்த நேரத்துக்கு சமாளிச்சிட்டீங்க, இப்ப அது சரியான்னு மனசு உறுத்துது. மேலோட்டமா மூணு கேள்வி, உள்ள இருக்கறது ஒண்ணுதான்: ஒரே ஆள் முழுசா கடவுளாவும் முழுசா மனுஷனாவும் எப்படி இருக்க முடியும், ஒண்ணு வந்தா இன்னொண்ணு காணாமப் போயிடாதா? நான் இருபது வருஷத்துக்கு மேல இறையியல் மாணவர்களுக்கு சபை சரித்திரம் எடுத்தவன், அதுக்கு முன்னாடி கிராமத்துல போதகரா இருந்தவன், ரெண்டு இடத்துலயும் அதிகமா கேட்ட கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல அந்த "பாதி பாதி"ய விட்டுடுங்க. அப்பா தெய்வம் அம்மா மனுஷின்னு கிரேக்கக் கதைகள்ல வர்ற வீரர்கள்தான் பாதி பாதி. அப்படி ஒருத்தர் கடவுளும் இல்ல மனுஷனும் இல்ல, நடுவுல மூணாவதா ஒரு ஜாதி. கிறிஸ்தவ சபை இயேசுவப் பத்தி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. முழுசா கடவுள், முழுசா மனுஷன், ஆனா ஆள் ஒருத்தர்தான். கணக்கு இடிக்குதேன்னு தோணும், தோணணும்தான், முன்னூறு நானூறு வருஷம் பெரிய பெரிய மூளைங்க இதுலதான் முட்டிக்கிட்டாங்க.

இது யாரோ உக்காந்து யோசிச்சு கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல, சுவிசேஷத்த படிக்கும்போதே முகத்துல அறையிற விஷயம். மாற்கு 4ம் அதிகாரத்துல படகுல போற சம்பவத்த எடுத்துக்கோங்க. பகல் முழுக்க ஜனங்களுக்குப் பேசிட்டு சாயங்காலம் படகேறுறார், புயல் அடிக்குது, படகு நெறைய தண்ணி, இவர் பின்னணியத்துல தலையணை வச்சு தூங்குறார். அணியம், பின்னணியம்னு இன்னும் நம்ம கடற்கரையில பேசுற வார்த்தைங்க அது, பழைய மொழிபெயர்ப்பு அப்படியே வச்சிருக்கு. மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்த சொல்றாங்க, ஆனா தலையணைய மாற்கு மட்டும்தான் சொல்றார். புயல்லயும் எழும்பாத அளவுக்கு அசந்து தூங்குற ஒரு மனுஷன். எழுப்புறாங்க, எழும்பி கடலப் பாத்து "இரையாதே, அமைதலாயிரு"ங்கறார், அடங்கிடுது. தூங்கினவரும் கடல அடக்கினவரும் வேற வேற ஆள் இல்ல, ஒரு நிமிஷம் முன்னாடி தலையணையில தலை வச்சிருந்த அதே ஆள். சீஷர்கள் பயந்துபோய் கேக்குறாங்க, "இவர் யாரோ?" அந்தக் கேள்விக்கு பதில் தேடினதுதான் அதுக்கப்புறம் பிஷப்புங்க ஒண்ணாக் கூடி முடிவெடுத்த அத்தன சங்கமும்.

அந்த "யாரோ"ங்கற சொல்ல நல்லா பிடிச்சுக்கோங்க. தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, "யார்?"ங்கறது வேற கேள்வி, "என்ன?"ங்கறது வேற கேள்வி. இயேசு யார்னு கேட்டா பதில் ஒண்ணே ஒண்ணு, அவர் கடவுளோட குமாரன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவிங்கற திரித்துவத்துல ரெண்டாம் ஆள். அவர் என்னவா இருக்கார்னு கேட்டா பதில் ரெண்டு, கடவுளுக்கு உரிய எல்லாமும் அவர்கிட்ட இருக்கு, மனுஷனுக்கு உரிய எல்லாமும் இருக்கு, பாவம் ஒண்ணு தவிர. இந்த "என்ன"வத்தான் கத்தோலிக்கர் இயல்புன்னும் புராட்டஸ்டண்டுகள் நாங்க சுபாவம்னும் சொல்றோம், "யார்"ங்கறத ஆள், நபர்னு சொல்றோம். இங்க வர்ற குழப்பத்துல பெரும்பாலானது இந்த ரெண்டு கேள்வியையும் ஒண்ணாப் போட்டு உருட்டுறதால வருது.

இன்னொரு குழப்பம் நம்ம மொழியிலயே இருக்கு. மனுஷாவதாரம்னு ரொம்ப காலமா சொல்லிப் பழகிட்டோம், அந்த வார்த்தைய நான் குறை சொல்லல, நம்ம முன்னோர் கையில இருந்த நல்ல சொல்ல எடுத்துக்கிட்டாங்க. ஆனா அவதாரம்னு கேட்டதும் உங்க நண்பர் மனசுல என்ன வரும்? வந்த வேலை முடிஞ்சதும் எடுத்த உருவத்த விட்டுட்டுப் போற வருகை. சபை சொல்றது அது இல்ல. உயிர்த்தெழுந்த பிறகும், பரலோகத்துக்குப் போன பிறகும், இன்னிக்கும் அவர் மனுஷன்தான், எடுத்த மனுஷத்தன்மைய அவர் கழட்டிப் போடவே இல்ல. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்கு வர்றவங்ககிட்ட இதச் சொன்னா பாதிப்பேரு நிமிர்ந்து பாப்பாங்க, முப்பத்து மூணு வருஷத்துக்கு மட்டும் மனுஷனா இருந்தார்னு நெனச்சுக்கிட்டிருப்பாங்க.

இப்ப சரித்திரத்துக்கு வரேன், ஏன்னா உங்க நண்பர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஏற்கனவே ஒருத்தர் கேட்டு சண்டையாகி முடிஞ்சிருக்கு. கடைசி நாள் தெரியாதுங்கற வசனத்த கையில எடுத்தவங்க ஆரியஸ் கூட்டத்தார். ஆரியஸ் எகிப்துல அலெக்சாந்திரியாவுல ஒரு குருவானவர், குமாரன் படைப்புகள்லயே உச்சமான படைப்பு, ஆனா படைப்புதான்னார். 325ல நிசேயா சங்கம் அத மறுத்து, பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு அறிக்கை வச்சது, நாம இன்னிக்கும் ஆராதனையில சொல்றோமே அதோட ஆரம்பம் அங்கதான். இத நெறையப்பேருக்குத் தெரியும், அடுத்தது அவ்வளவா தெரியாது.

அப்போலினாரிஸ்னு சிரியாவுல லவோதிக்கேயாவோட பிஷப். நிசேயா அறிக்கைக்காகப் போராடின நல்ல மனுஷன், அதே பக்கம் நின்ன அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுசுக்கு நண்பர். அவர் சொன்னது, இயேசுவுக்கு நம்மள மாதிரி உடம்பு இருந்தது, ஆனா யோசிக்கிற மனுஷ மனசு இருக்க வேண்டிய இடத்துல கடவுளோட வார்த்தையே, அதாவது குமாரனே, இருந்தார்னு. கேக்க எவ்வளவு பக்தியா இருக்கு பாருங்க. நம்ம சபைகள்ல உக்காந்திருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப்பேரு மனசுக்குள்ள இப்படித்தான் நெனைக்கிறாங்கன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், வெளிய மனுஷ உடம்பு உள்ள கடவுள்னு. 381ல கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் இத தள்ளிடுச்சு. ஏன் தள்ளணும்ங்கறத நசியான்சு கிரகோரிங்கற பிஷப், கிளெதோனியுஸ்ங்கற குருவானவருக்கு எழுதின கடிதத்துல ஒரே வரியில சொல்லியிருக்கார்: அவர் எத எடுத்துக்கலையோ அது குணமாகல. மனுஷ மனச அவர் எடுத்துக்கலைன்னா என் மனசுக்கு மீட்பே இல்ல, என் கையும் காலும்தான் மீட்கப்பட்டிருக்கு.

இந்த வரி எனக்கு வகுப்பறையில புரிஞ்சத விட வெளியிலதான் புரிஞ்சது. பல வருஷம் முன்னாடி ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு, ராத்திரி எல்லாம் தூக்கமில்லாம, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு, காரணமே இல்லாத பயம். மருந்து எடுத்துக்கிட்டிருந்தான். சொந்தக்காரங்க "விசுவாசம் இருந்தா பயம் எப்படிப்பா வரும்"னு சொல்லிச் சொல்லி அவன நொறுக்கிட்டாங்க. எங்கிட்ட வந்து உக்காந்தான், நான் ஒண்ணும் விளக்கல, மாற்கு 14:33 எடுத்து அவன் கையிலயே குடுத்து வாசிக்கச் சொன்னேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்"னு இருக்கு. அவன் அந்த "திகிலடையவும்"ங்கற சொல்லு மேல விரல வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. "ஐயா, இவருக்குமா?"ன்னான். அப்போலினாரிஸ் சொன்னது சரின்னா அந்தப் பையனுக்கு நான் "இல்லப்பா, அவருக்கு அது வெறும் உடம்பு நடுக்கம்"னு சொல்லியிருக்கணும். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தின சங்கத் தீர்மானம் யாருக்கு வேணும்னு கேக்குறவங்களுக்கு நான் அந்த விரலத்தான் சொல்லுவேன்.

அடுத்து சிலுவைக் கேள்வி, செத்தது யாரு? இது நெஸ்டோரியுஸ் காலத்துச் சண்டை. 428ல கான்ஸ்டான்டிநோபிள் பேராயரா வந்தவர், மரியாள "தேவனைப் பெற்றவள்"னு ஜனங்க சொல்றது அவருக்கு உறுத்துச்சு, கடவுளுக்கு எப்படி அம்மா இருக்க முடியும், "கிறிஸ்துவைப் பெற்றவள்"னு சொல்லுங்கன்னார். ரெண்டு மாசக் குழந்தைய கடவுள்னு சொல்ல மாட்டேன்னு அவர் சொன்னதா சங்கத்துல சாட்சி சொன்னாங்க. அவருக்கு எதிரா நின்னவர் அலெக்சாந்திரியா பேராயர் சிறில். சிறிலோட வாதத்த நம்ம பேச்சுல சொன்னா இப்படி வரும்: எந்த அம்மாவும் ஒரு "இயல்ப" பெக்கறதில்ல, ஒரு ஆளத்தான் பெக்குறா. உங்க அம்மா உங்க உடம்பத்தான் வயித்துல சுமந்தாங்க, உங்க ஆத்துமாவ அவங்க உண்டாக்கல, அதுக்காக "என் உடம்போட அம்மா"ன்னா சொல்றீங்க? என் அம்மான்னுதான சொல்றீங்க. அதே மாதிரி மரியாள்கிட்ட பிறந்த ஆள் யார்னு கேட்டா கடவுளோட குமாரன், வேற ஆள் அங்க இல்ல. சிலுவைக்கும் இதேதான். செத்தது யார்? கடவுளோட குமாரன். எதுல செத்தார்? சாகக்கூடிய மனுஷ இயல்புல. தெய்வ இயல்பு சாகல, சாகவும் முடியாது. சாவுன்னா இல்லாமப் போறதுன்னு உங்க நண்பர் நெனச்சுக்கிட்டதாலதான் "உலகத்த யார் பாத்துக்கிட்டா"ன்னு கேக்குறார், மனுஷன் செத்தாலே இல்லாமப் போறதில்லங்கறதுதான நம்ம நம்பிக்கை. அத்தனாசியுஸ் இதுக்கு முன்னாடியே எழுதிட்டார், வார்த்தையானவர் உடம்புக்குள்ள இருந்தப்பவும் அந்த உடம்புக்குள்ள அடைபட்டு இருக்கல, அதே நேரத்துல எல்லாத்தையும் தாங்கிக்கிட்டுத்தான் இருந்தார்னு.

சிறில் சொன்னது சரி, ஆனா அவர் நடந்துக்கிட்ட விதத்த நான் மறைக்க மாட்டேன். 431ல எபேசு சங்கத்த, நெஸ்டோரியுஸ் பக்கம் நின்ன அந்தியோக்கியா பிஷப்புங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு நெஸ்டோரியுச பதவியிலேர்ந்து நீக்கிட்டார், நாலு நாள் கழிச்சு அவங்க வந்து தனியா ஒரு கூட்டம் போட்டு சிறில நீக்கினாங்க. அப்புறம் சிறில் பக்கத்துலேர்ந்து அரண்மனையில யார் யாருக்கு என்ன காணிக்கை போச்சுங்கற பட்டியலே இன்னிக்கும் இருக்கு, தங்கம், கம்பளம், தந்தத்துல செஞ்ச நாற்காலி வரைக்கும். நெஸ்டோரியுஸ் எகிப்துப் பாலைவனத்துக்கு நாடு கடத்தப்பட்டு அங்கயே செத்தார். அவர் தன் பக்கத்து நியாயத்தச் சொல்லி எழுதின புத்தகம் சிரியாக் மொழியில 19ம் நூற்றாண்டு கடைசியிலதான் கைக்கு வந்தது, அத வச்சுப் பாத்தா கிறிஸ்து ரெண்டு ஆளுன்னு அவர் உண்மையில சொல்லவே இல்லன்னு பல அறிஞர்கள் நெனைக்கிறாங்க, நானும் அந்தப் பக்கம்தான் சாயுறேன். அவர் வார்த்தையத் தேர்ந்தெடுத்த விதம் தப்பு, ஆனா அவருக்கு நடந்தது அநியாயம்.

அப்புறம் ஆட்டம் மறுபக்கம் போச்சு. எவுத்திக்கேஸ்னு வயசான ஒரு மடத்துத் தலைவர், ஒன்று சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு இயல்பு, சேர்ந்த பிறகு ஒண்ணுதான்னார். பால்ல தண்ணி கலந்தா ரெண்டையும் பிரிச்சு சொல்ல முடியாது பாருங்க, அந்த மாதிரி. நெஸ்டோரியுஸ் மேல வச்ச குத்தம் எண்ணெயும் தண்ணியும்னா இது பாலும் தண்ணியும். ரெண்டும் வேணாம்னு சொல்லத்தான் 451 அக்டோபர்ல கால்சிதோன்ல கூடினாங்க, இன்னிக்கு இஸ்தான்புல்லோட ஆசியக் கரையில இருக்குற காதிக்கோய். அங்க வந்த தீர்மானத்துல "அதே அவர், அதே அவர்"னு திரும்பத் திரும்ப வரும். தெய்வத்துவத்துல பிதாவோட ஒரே தன்மை உள்ளவர், அதே அவர் மனுஷத்துவத்துல நம்மோட ஒரே தன்மை உள்ளவர். ரெண்டு இயல்புல அறியப்படுறார், கலப்பில்லாம, மாற்றமில்லாம, பிளவில்லாம, பிரிவில்லாம. கவனிச்சீங்களா, நாலும் "இல்லாம". எப்படி சேர்ந்திருக்குன்னு அவங்க சொல்லவே இல்ல, எப்படியெல்லாம் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கிணத்தச் சுத்தி கைப்பிடிச் சுவர் கட்டுற மாதிரி, ஆழம் எவ்வளவுன்னு அளக்கல, யாரும் தவறி விழக் கூடாதுன்னு கட்டினது. இதப் புரிஞ்சுக்காம கால்சிதோன்ல "விளக்கம்" தேடினா ஏமாந்துதான் போவீங்க.

ஆனா அந்தச் சுவரும் எல்லாரையும் உள்ள வைக்கல. முதல்ல எழுதின வரைவுல "ரெண்டு இயல்புகளிலிருந்து"ன்னு இருந்தது, ரோமிலிருந்து வந்த பிரதிநிதிங்க அத ஒத்துக்கல, நாங்க கிளம்பிடுவோம்னு மிரட்டினாங்க, கடைசில "ரெண்டு இயல்புகளில்"னு மாத்தினாங்க. ஐந்தாம் வேற்றுமையா ஏழாம் வேற்றுமையாங்கற இடத்துலதான் சபை உடைஞ்சது. எகிப்து, அர்மேனியா, எத்தியோப்பியா, சிரியாவுல பெரும்பகுதி ஏத்துக்கல. "வார்த்தையான கடவுளோட மாம்சமான ஒரே இயல்பு"ன்னு சிறில் சொன்னதையே நாங்க பிடிச்சுக்கறோம்னாங்க. சிறில் இயல்புங்கற கிரேக்க வார்த்தைய கிட்டத்தட்ட "ஆள்"ங்கற அர்த்தத்துல பயன்படுத்தினார், கால்சிதோன் அதே வார்த்தைய "தன்மை"ங்கற அர்த்தத்துல பயன்படுத்துச்சு. அவங்களும் எவுத்திக்கேசத் தள்ளினவங்கதான், அதனால அவங்கள "மனுஷத்தன்மைய மறுக்கிறவங்க"ன்னு சொல்றது பொய். இது எங்கயோ தூர தேசத்து விஷயம்னு நெனைக்காதீங்க, பக்கத்துல கேரளாவுல மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் யாக்கோபாய சபையும் அந்த வழியில வந்தவங்க, திருச்சூர்ல இருக்குற கல்தேய சிரியன் சபை நெஸ்டோரியுச கண்டனம் பண்ணாத கிழக்குச் சபையச் சேர்ந்தது, அவங்களுக்கு நடுவுலயே ரோமாபுரியோட சேர்ந்த சிரியன் கத்தோலிக்கரும் இருக்காங்க. சென்னையில பரங்கிமலைக் கோயில்ல பஹ்லவிங்கற பழைய பாரசீக எழுத்து பொறிச்ச கல்சிலுவை இருக்கே, அதுவும் பாரசீகத்துலேர்ந்து வந்த அந்தக் கிழக்குச் சபையோட தடயம்தான். 1973ல போப் ஆறாம் பவுலும் எகிப்து காப்டிக் சபையோட போப் மூன்றாம் ஷெனூதாவும், 1994ல போப் இரண்டாம் ஜான் பாலும் கிழக்குச் சபையோட மார் தின்காவும் கிறிஸ்துவப் பத்தி நம்ம விசுவாசம் ஒண்ணுதான்னு கூட்டா கையெழுத்துப் போட்டாங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு, "நீங்க சொன்னதத்தான் நாங்களும் சொன்னோம்"னு ஒத்துக்க. எனக்கு அத நெனச்சா சந்தோஷமும் வருது, வயிறும் எரியுது.

இப்ப உங்க முதல் கேள்வி, கடைசி நாள். இங்க எது உறுதி எது கருத்துன்னு பிரிச்சுச் சொல்றது என் கடமை. முழு கடவுள், முழு மனுஷன், ஒரே ஆள், இது உறுதி, இதுல கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்டண்ட் யாருக்கும் வேறுபாடு இல்ல. அவருக்கு மனுஷ சித்தமும் இருந்தது, தெய்வ சித்தமும் இருந்ததுன்னு 681ல முடிஞ்ச கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் சொன்னதும் உறுதி. "என்னுடைய சித்தத்தின்படியல்ல"ன்னு அவர் ஜெபிச்சது நடிப்பு இல்லன்னு பிடிவாதமா நின்ன மாக்சிமுஸ்ங்கற துறவிக்கு 662ல நாக்கையும் வலது கையையும் வெட்டினாங்க, அந்த விலைக்கு வந்தது அது. ஆனா அவரோட மனுஷ மனசுக்கு எது தெரியும் எது தெரியாதுங்கறத எந்தப் பொதுச் சங்கமும் இந்த மாதிரி வரையறுத்து வைக்கல, அங்க இருக்கறது எல்லாம் ஆசிரியர்களோட கருத்து. கடவுளா தெரியும், மனுஷனா தெரியாதுன்னு அத்தனாசியுசும் கிரகோரியும் சொன்னாங்க. வட ஆப்பிரிக்காவுல பிஷப்பா இருந்த அகுஸ்தீன், அவருக்குத் தெரியும், சீஷர்களுக்குச் சொல்லும்படியா தெரியலங்கறதுதான் அர்த்தம்னார். 19ம் நூற்றாண்டுல ஜெர்மன் லுத்தரன் தோமாசியுஸ் மாதிரி சிலர், பிலிப்பியர் 2ல "தம்மைத்தாமே வெறுமையாக்கி"ன்னு இருக்கே, அப்ப சில தெய்வ குணங்களையே ஒதுக்கி வச்சிட்டார்னாங்க. அந்தக் கடைசிக் கருத்த நான் ஏத்துக்கல, கடவுள் தன்னோட கடவுள்தன்மையில கொஞ்சத்த கழட்டி வச்சா மறுபடி பாதிக் கணக்குக்கே வந்துடுவோம். அகுஸ்தீன் சொன்னதும் எனக்கு இழுத்துப் பிடிச்ச மாதிரிதான் இருக்கு. முதல் பதில்தான் வசனத்துக்கு நேர்மையா இருக்கு, ஒரு மனுஷ மனசு உண்மையில மனுஷ மனசுன்னா அதுக்கு ஒரு எல்லை இருக்கும், லூக்கா 2:52ல அவர் ஞானத்துல வளர்ந்தார்னே எழுதியிருக்கு, வளர்றதுன்னா நேத்து தெரியாதது இன்னிக்குத் தெரியறதுதான. அந்த ரெண்டு அறிவும் ஒரே ஆள்கிட்ட எப்படி ஒண்ணா இருந்ததுன்னு கேட்டா, அந்த எப்படிக்கு யார்கிட்டயும் பதில் இல்ல, பதில் இருக்குன்னு யாராவது படம் போட்டு விளக்கினா ஜாக்கிரதையா இருங்க.

இந்த வசனத்துல இன்னொண்ணும் இருக்கு. இயேசுவக் கடவுள்னு சாதிக்கணும்னு கட்டிவிட்ட கதையா இருந்தா "குமாரனும் அறியார்"னு ஒரு வரிய யாரும் சேக்க மாட்டாங்க, இருந்தாலும் எடுத்திருப்பாங்க. எடுத்தும் இருக்காங்க. உங்க கையில இருக்கறது பழைய மொழிபெயர்ப்புன்னா மத்தேயு 24:36 பாருங்க, பிதா ஒருவர் தவிர யாரும் அறியார், தூதர்களும் அறியார்கள்னு இருக்கும், குமாரனப் பத்தி ஒண்ணும் இருக்காது, ஏன்னா அந்த மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான கிரேக்கப் பிரதியில அந்தச் சொல் விட்டுப்போயிருக்கு. சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் மாதிரி ரொம்பப் பழசுல இருக்கு, கத்தோலிக்கர் பயன்படுத்துற புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துலயும் இருக்கு. அதனால நண்பர்கிட்ட காட்டணும்னா மத்தேயுவத் திறந்துட்டு திணறாதீங்க, மாற்கு 13:32 எடுங்க, அங்க எல்லா மொழிபெயர்ப்புலயும் அப்படியே இருக்கும். அவர் அதப் படிச்சு முடிச்சதும் ஒன்பது அதிகாரம் பின்னாடி போய் அந்தப் படகையும் தலையணையையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்க.